ஒரு விரலுக்கே திறக்கிற கதவு

எழுந்ததும் நேரா பையன் ரூமுக்குப் போகாதே. பிளாஸ்க்ல டீ இருக்கு. குடிச்சிட்டு இதைப் படி.

அவன் அலமாரியோட மடிப்புக் கதவைச் சரி பண்ணிட்டேன். உடைக்கல, கத்தாதே. என்கிட்ட சண்டை போட்டுட்டு வீட்டை விட்டுப் போறப்போ அறைஞ்சு சாத்தினான்ல, அதுல மேல் சக்கரம் தடத்தை விட்டு விலகிச் சிக்கிக்கிச்சு. அதை எடுத்துவிட்டு, திருகாணியை முடுக்கி, தடத்துல மெழுகு தேய்ச்சேன். இப்போ ஒரு விரல் பட்டாலே கதவு மடிஞ்சு ஓரமாப் போயிடுது.

"பையனைத் துரத்தினது போதாதா, கதவையும் பேத்தெடுக்கணுமா? துணியெல்லாம் உள்ளதான் கிடக்கு, அதை எடுக்கவாவது வருவான்"னு நேத்து என்னைப் பிடிபிடின்னு பிடிச்சியே. நானும் அதைத்தான் மலைபோல நம்பிட்டு இருந்தேன். பூஞ்சை பிடிச்சிருக்குமே, அவன் வர்றதுக்குள்ள வெயில்ல போட்டு எடுக்கலாம்னுதான் திறந்தேன்.

உள்ளே ஒரு சட்டைகூட இல்லை. வெறும் ஹேங்கர்தான் தொங்குது. எல்லாத்தையும் வழிச்சு எடுத்துக்கிட்டுத்தான் சாத்தியிருக்கான்.

உன்னை எழுப்பிச் சொல்ல எனக்குத் தைரியம் வரல. வேலைக்குக் கிளம்பறேன். சாவி செருப்பு ஸ்டாண்டு மேலே. சோறு வடிச்சு வெச்சிருக்கேன், பட்டினி கிடக்காதே.

இடம் இல்லை, ஓரத்துல எழுதறேன். அந்தச் சக்கரத்தைப் பழையபடி சிக்க வைக்கவும் எனக்குத் தெரியும். வேணும்னா சொல்லு, சாயங்காலம் வந்ததும் பண்ணிடறேன்.