நோட்டீஸில் மூன்று சொற்கள்

திண்டுக்கல்
4-2-1957

பொன்னழகுக்கு,

இங்கு அனைவரும் நலம். நீ போய் இருபது நாளாகிறது. கடைக்குப் பூட்டு வாங்க வருகிறவர்கள்கூட உன்னைக் கேட்கிறார்கள். உன் பள்ளித் தலைமையாசிரியை சிவனம்மாள்தான் உன்னை மயக்கி அழைத்துக்கொண்டு போய்விட்டார் என்று வக்கீல் ஆங்கிலத்தில் நோட்டீஸ் எழுதியிருக்கிறார். நகல் இத்துடன். நீயும் அப்படி ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டால், பழி அவரோடு போகும். நீ தலை நிமிர்ந்து வீட்டுக்கு வரலாம்.

ஆசிகளுடன்,
வேலுசாமி


வத்தலக்குண்டு
7-2-1957

அன்புள்ள அத்தானுக்கு,

நோட்டீஸை அகராதியோடு மூன்று முறை படித்தேன். டீச்சர் என்னை 'சார்ம்' செய்தார், 'என்டைஸ்' செய்தார், 'ல்யூர்' செய்தார் என்கிறார் வக்கீல். மூன்றும் ஒன்றல்ல.

ஒருவர் இருக்கும் விதத்திலேயே மனம் சொக்குவது சார்ம். சின்னப் பிள்ளை கேள்வி கேட்டாலும் டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுதான் பதில் சொல்வார். அதில் சொக்கினேன். குற்றமென்றால் எழுதித் தருகிறேன்.

ஆசை காட்டி இழுப்பது என்டைஸ். பெண் பார்க்க வந்த அன்று அத்தை சொன்னது நினைவிருக்கிறதா? "வேலைய விடச் சொல்ல எங்களுக்கென்ன கிறுக்கா? தாராளமாப் போ தாயி." தாலி கட்டிய எட்டாம் நாள் என் ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழைப் பெட்டியில் வைத்துப் பூட்டினீர்கள். அப்படியானால் நோட்டீஸ் எந்த வீட்டுக்குப் போக வேண்டும்?

தூண்டிலில் புழு கோப்பது ல்யூர். அதற்கு எனக்கு இன்னும் உதாரணம் கிடைக்கவில்லை.

நான் மயங்கி வரவில்லை. டிக்கெட் எடுத்து பஸ்ஸில் வந்தேன். மாதக் கடைசிக்குள் சான்றிதழைக் காட்டாவிட்டால் வேலை போய்விடும். ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புங்கள்.

பொன்னழகு


திண்டுக்கல்
12-2-1957

அன்புள்ள பொன்னழகுக்கு,

நோட்டீஸைத் திரும்ப வாங்கிவிட்டேன். உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்தேன். "அவ வாயப் பாத்தியாலே!" என்றார். "நீ அப்படிச் சொல்லலையா?" என்று கேட்டேன். அடுப்படிக்குள் போய்விட்டார்.

பெட்டிச் சாவியை இந்த உறையில் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீயே வந்து திறந்து எடுத்துக்கொள். மதியச் சோற்றுக்குக் கத்தரிக்காய் வெஞ்சனம் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

உன்,
வேலுசாமி


வத்தலக்குண்டு
15-2-1957

அன்புள்ள அத்தானுக்கு,

சாவி வந்தது. ல்யூருக்கு உதாரணம் கிடைத்துவிட்டது.

சாவியைத் திருப்பி அனுப்புகிறேன். பூட்டியவர் நீங்கள், நீங்களே திறந்து அனுப்புங்கள்.

சான்றிதழ் என் கைக்கு வந்த மறு ஞாயிறு, யாரும் கூப்பிடாமலே நான் வருவேன். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் பள்ளிக்கூடம் திரும்புவேன். வெஞ்சனத்தை அன்றைக்கு வைக்கச் சொல்லுங்கள்.

பொன்னழகு
ஆசிரியை