சனிக்கிழமை இரண்டு மணி

1996 ஜூன் 10, திங்கள்

சாவி கைக்கு வந்துவிட்டது. தாதர், இரண்டாம் மாடி. ஒரே அறை, ஓரத்தில் சமையல் மேடை, குளியலறை. கட்டிலில் படுத்தபடியே கையை நீட்டினால் அடுப்பைப் பற்றவைக்கலாம். பதினேழு இடம் பார்த்தேன். "கல்யாணம் ஆகலையா? கூட யாரு இருப்பா?" என்று கேட்டே கதவைச் சாத்தினார்கள். வீட்டுக்காரர் பித்ரே மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. மூலையில் ஒரு பழைய டெலிபோன். "இதுலேருந்து பேச முடியாது, வர்றது மட்டும் வரும். சீக்கிரம் அதையும் வெட்டிடுவான்" என்றார்.

முப்பத்தாறு வயதில் எனக்கென்று ஒரு தாழ்ப்பாள்.

ஜூன் 15, சனி

வேலை பார்க்கும் பல்செட் லேபிலிருந்து சாயங்காலம் ஆறரைக்கு வந்தேன். சோப்பு ஈரமாக இருந்தது. நான் குளித்தது காலை ஆறு மணிக்கு.

மழைக்காலம். எதுதான் காய்கிறது?

ஜூன் 22, சனி

சீப்பில் ஒரு முடி. முழங்கை நீளம். என் முடி காதைத் தாண்டாது.

பூட்டு, ஜன்னல் கொக்கி எல்லாம் வைத்தது வைத்தபடி. திருடன் என்றால் ஏதாவது போயிருக்க வேண்டாமா?

ஜூன் 23, ஞாயிறு

எதிர்வீட்டு நளினி காகு, எல்லாருக்கும் சித்தி முறை, ஒரு தட்டில் அவல் போஹா கொண்டுவந்தார். "ஹேமாங்கி, ஆயி, ஆயின்னு உங்க அம்மாகூட என்னமா பேசுற நீ! நேத்து ரெண்டு மணிக்கு ஒரே சிரிப்பு. முன்னாடி இருந்த பொண்ணும் இப்படித்தான், சனிக்கிழமை ஆனா போதும். அந்த ரூமுக்கே அப்படி ஒரு ராசி போல!"

நானும் சிரித்துவைத்தேன். நேற்று இரண்டு மணிக்கு நான் லேபில், யாருடைய தாடை அச்சையோ கையில் வைத்துக்கொண்டு —

யாரிடம் சொல்வது? இந்த வீட்டில் என்னமோ இருக்கிறது என்றால், முதலில் என்னைத்தான் கிளப்புவார்கள்.

ஜூன் 29, சனி

காலையில் வாசல்படிக்கு உள்ளே கோதுமை மாவைத் தூவிவிட்டுப் போனேன். கால்தடம் விழட்டும் என்று.

சாயங்காலம் வந்து பார்த்தால் மாவு இல்லை. சுத்தமாகப் பெருக்கியிருந்தது. துடைப்பத்தை நான் கதவுக்குப் பின்னால் வைப்பது வழக்கம். இன்று மேடைக்கு அடியில் இருந்தது. அதன் பழைய இடமே அதுதான் என்பதுபோல.

ஜூலை 6, சனி

தலைவலி என்று சொல்லிவிட்டுப் பாதியில் வந்தேன். இரண்டு பத்து. உள்ளே பேச்சுச் சத்தம். என் கதவுக்கு உள்ளே. சத்தமில்லாமல் சாவியைத் திருப்பினேன்.

கட்டிலில் ஒருத்தி. ஈரத் தலை, காதில் ரிசீவர். என்னைப் பார்த்தும் பேச்சை நிறுத்தவில்லை. ஒரு கையை மட்டும் கும்பிடுவதுபோல் தூக்கினாள். "இல்ல ஆயி, காத்துல கதவு அடிச்சுது. சாப்பிட்டேன். வேலையெல்லாம் நல்லாப் போகுது." பிறகு சிரித்தாள். முகம் சிரிக்கவில்லை. குரல் மட்டும் சிரித்தது.

அவள் போனை வைத்ததும் கத்தினேன். "யாருடி நீ? என் வீட்ல வந்து குளிக்கிறே!"

"சுஷமா. ஏப்ரல் வரைக்கும் நான்தான் இங்க இருந்தேன்."

கம்பெனியை மூடிவிட்டார்களாம். இப்போது புறநகரில், டோம்பிவ்லியில் சொந்தக்காரர் வீட்டு நடையில் படுக்கை. அவள் ஆயி சொந்த ஊர் சிப்ளூணில், தான் வேலை பார்க்கும் மளிகைக் கடையிலிருந்து சனிக்கிழமைதோறும் இரண்டு மணிக்குக் கூப்பிடுகிறாள். அவளுக்குத் தெரிந்தது இந்த ஒரு நம்பர்தான். "வேலை போச்சுன்னு தெரிஞ்சா என்னை ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் திரும்ப இங்க விடவே மாட்டாங்க."

கள்ளச் சாவியை நீட்டினாள். நான் வாங்கவில்லை. ஏன் வாங்கவில்லை?

ஜூலை 13, சனி

வந்து போயிருக்கிறாள். பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தது.

ஜூலை 20, சனி

சோப்பு காய்ந்து கிடந்தது.

ஜூலை 27, சனி

மனசு கேட்காமல் மத்தியானமே வந்துவிட்டேன். அவள் வரவில்லை. சரியாக இரண்டு மணிக்குப் போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தேன்.

"சாப்பிட்டியா கண்ணு?"

"சாப்பிட்டேன் ஆயி." என் வாயிலிருந்துதான் வந்தது! வேலை நல்லாப் போகுது என்றேன். மழை என்றேன். சிரித்தேன்கூட. எதிரே கண்ணாடியில் என் முகம் அசையவில்லை.

அந்தம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "என் மக போன வாரம் செவ்வாய்க்கிழமையே வந்துட்டாம்மா. எல்லாத்தையும் சொல்லிட்டா. இதோ பக்கத்துல உக்காந்து அரிசி பொறுக்குறா. அந்த ரூம்ல இப்ப இருக்கிறவகிட்ட சொல்லாம வந்துட்டேனேன்னு அழுறா, அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். அவளை மாதிரியே பேசுறியே, யாரும்மா நீ?"

ரிசீவரை வைக்கப் போனேன்.

"வெச்சுடாதே. நெஜமாச் சொல்லு, சாப்பிட்டியா?"

இல்லேன்னு சொன்னேன்.

ஆகஸ்ட் 3, சனி

காலையில் பித்ரே வந்தார். போனை எடுத்துவிடச் சொல்லப்போகிறாராம். வேண்டாம், என் பெயருக்கு மாற்றிவிடுங்கள் என்றேன். "உனக்கு யாரு பேசப்போறா?" என்று ஒரு மாதிரி பார்த்தார்.

"ஆயி" என்றேன்.

லேபுக்கு இனி சனிக்கிழமை அரைநாள்தான். மணி ஒன்று ஐம்பது.