சாவிக்காரர் வீட்டில் மூன்றாவது சாவி

மார்ச் 3, செவ்வாய்

இன்று என் வீட்டு வாசலிலேயே நான் விருந்தாளி மாதிரி நின்றேன். கணவர் ஸ்கூட்டரில் இறக்கிவிட்டுக் கடைக்குத் திரும்பிவிட்டார், அத்தை குளித்துக்கொண்டிருந்தார். மணியை அடித்து அடித்து என் விரல் தேய்ந்ததுதான் மிச்சம். இரண்டு கையிலும் பை, தலைக்கு மேலே தூறல். எதிர்வீட்டு டீச்சர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "சாவிய மறந்துட்டீங்களா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். மறப்பதற்கு முதலில் ஒன்று இருக்க வேண்டுமே.

என் கணவருக்குத் தொழிலே சாவி செய்வது. கடைவீதியில் பாதிக் கதவு அவர் செய்த சாவியில்தான் திறக்கிறது. வீட்டுக் கதவுக்கும் அவரே பூட்டு போட்டார், இழுத்துச் சாத்தினால் தானாகவே பூட்டிக்கொள்ளும். அதற்கு இரண்டு சாவி. ஒன்று அவர் சட்டைப்பையில், இன்னொன்று அத்தையின் தலையணைக்கு அடியில். எனக்குக் கிடையாது. தரமாட்டேன் என்று யாரும் சொன்னதில்லை. யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். கல்யாணமாகி இருபது வருஷம் கழித்து எனக்கே இன்றைக்குத்தான் உறைத்தது.

மார்ச் 4, புதன்

சாப்பிடும்போது கேட்டுவிட்டேன். "என்னங்க, எனக்கும் ஒரு சாவி செஞ்சு தாங்க."

"உனக்கு எதுக்கு? அம்மா வீட்லதான இருக்காங்க? அவங்க இல்லைன்னாலும் நீ இருக்க. நம்ம வீட்டுக்குப் பூட்டே தேவையில்ல" என்று சிரித்தார்.

பாராட்டாகத்தான் சொன்னார். அந்தப் பூட்டுக்காவது மாதம் தவறாமல் எண்ணெய் விடுகிறார்.

நல்ல மனுஷர். ஒரு நாள் குரலை உயர்த்தியதில்லை. நான் எங்கே போனாலும் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டு, எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டு, வந்து கூட்டிக்கொண்டும் போவார். அங்கேதான் சிக்கல். சண்டை போடுவதற்கு ஒரு கொடுமையாவது வேண்டாமா?

மார்ச் 7, சனி

எனக்கு என்னதான் வேண்டும்? இங்கேயாவது ஒழுங்காகச் சொல்லிப் பார்க்கிறேன். வாரத்தில் ஒரு மத்தியானம். கிளம்பும்போது எங்கே என்று யாரும் கேட்கக் கூடாது. திரும்பும்போது யாரும் தூக்கம் கலைந்து வந்து, கதவைத் திறந்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது. எங்கே போவேன் என்பது எனக்கே தெரியாது. சும்மா.

இந்தச் சும்மாதான் வீட்டில் செல்லுபடியாகவில்லை. போன வருஷம் ஒரு தடவை, டாக்டர் நடக்கச் சொன்னதாகப் புளுகினேன். அவரும் கூடவே நடந்தார். வழியில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் என் முழங்காலைப் பற்றி விளக்கினார். மறுநாள் மூன்று பேர் தைலம் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

மார்ச் 10, செவ்வாய்

சாவி? "நாளைக்கு."

மார்ச் 11, புதன்

"நாளைக்குக் கண்டிப்பா."

மார்ச் 13, வெள்ளி

மானம் போயிற்று. வரிசையாக எழுதுகிறேன்.

மத்தியானம் அத்தை அசந்து தூங்கும்போது தலையணைக்கு அடியில் கையை விட்டுச் சாவியை எடுத்தேன். பேருந்து நிலையத்துப் பக்கம் இன்னொரு சாவிக்கடை இருக்கிறது. அதை வைத்திருப்பவருக்கு என் கணவர் சூட்டிய பெயர் அவசரக்காரன். வாடிக்கையாளர் செருப்பைக் கழற்றுவதற்குள் சாவியை நீட்டிவிடுவாராம். எனக்கு வேண்டியதும் அதுதானே.

அவர் சாவியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். சாவியின் கழுத்தில் அரத்தால் போட்ட குட்டிக் கீறல், என் கணவர் தன் சாவிக்கெல்லாம் போடும் அடையாளம். "இது அண்ணன் கைவேலையாச்சே. நீங்க... அண்ணியா?" என்று சட்டென எழுந்து நின்றார். "மன்னிச்சுக்குங்க அண்ணி. வீட்டுச் சாவின்னா குடும்பத் தலைவர் நேர்ல வந்து சொன்னாத்தான் வெட்டிக் கொடுக்கணும். இந்த ஊர்ச் சாவிக்கடைங்களுக்கெல்லாம் அந்த விதியக் கொண்டுவந்ததே அண்ணன்தான்."

"நான் அந்த வீட்லதாங்க இருக்கேன்."

"தெரியும் அண்ணி. ஆனா விதி." உட்கார நாற்காலி போட்டார். டீ வாங்கிக் கொடுத்தார். அதை நான் குடிப்பதற்குள் கடைக்குப் பின்னால் போய் என் கணவருக்குப் போனும் போட்டுவிட்டார். மனுஷர் எதிலும் அவசரம்தான்.

திருடனைப் பிடிக்கப் போட்ட விதி. அதில் முதலில் மாட்டியது போட்டவரின் பெண்டாட்டி.

சாயங்காலம் வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "போயும் போயும் அவன் கடைக்கா போய் நின்ன?" நான் வேறொருவரோடு ஓடிப்போன மாதிரி அப்படி ஒரு முகம். எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷமே அழுகையும் வந்துவிட்டது. எத்தனை தடவ கேட்டேன் — நாளைக்கு நாளைக்குன்னுதானே சொன்னாரு — ஊருக்கெல்லாம் செய்றவருக்கு எனக்கு ஒண்ணு செய்யக் கை வரலையா?

"அப்படி எங்கதான் போகணும் உனக்கு?"

"எங்கயும் இல்ல. சும்மா. தனியா."

"எங்ககூட இருக்கப் பிடிக்கலையா?"

"ஓடிப்போறவ யாராவது சாவி கேப்பாளா? திரும்பி வர்றதுக்குத்தாங்க கேக்கறேன்."

அவர் கடைசியில் செருப்பைக் கழற்றினார்.

மார்ச் 15, ஞாயிறு

இரண்டு நாளாகப் பேச்சில்லை. செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டே காபி குடிக்கிறார். பக்கத்தைத் திருப்பத்தான் மறந்துவிடுகிறார்.

அத்தை தன் சாவியை என் கையில் வைத்து அழுத்தினார். "இத நீ வச்சுக்கோ. இத்தன வருஷமா என்கிட்ட இருந்து என்னத்தக் கிழிச்சேன்? பூட்டியிருக்கும்போது வெளியில நின்னாத்தான சாவி வேணும்? நான் எங்க வெளியில போனேன்."

வாங்கிக்கொள்ள மனம் வரவில்லை. "உங்க சாவி உங்ககிட்டயே இருக்கட்டும் அத்தை. எனக்குன்னு ஒண்ணு வேணும்." அவர் சாவியை ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி தலையணைக்கு அடியில் வைத்தார்.

மார்ச் 17, செவ்வாய்

காலையில் எழுந்து பார்த்தால் வாசற்கதவில் பூட்டு இருந்த இடத்தில் ஓட்டை. அவர் பூட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். "கடைக்கு வா" என்றார். நாலு நாளில் பேசிய முதல் வார்த்தை. கதவுக்கு அத்தை நாற்காலி போட்டுக் காவல்.

கடையில் பல் வெட்டாத சாவி ஒன்றை எடுத்து மெஷினில் பொருத்தப் போனார். "நானே செய்யறேன்" என்றேன். அரத்தை எடுத்துக் கொடுத்தார்.

முதல் சாவி வீண். அதன் பல்லைப் பார்த்தால் எலிகூடச் சிரிக்கும். இரண்டாவதை ராவும்போது என் மணிக்கட்டைப் பிடிக்கக் கையை நீட்டினார். பிறகு தானே கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். பாவம், வேர்த்துக் கொட்டியது அவருக்குத்தான். மத்தியானத்துக்குள் என் சாவிக்குப் பூட்டு திறந்துகொண்டது.

பழக்கதோஷத்தில் தன் கீறலைப் போட அரத்தை எடுத்தார். "அது வேண்டாங்க" என்றேன். என் கைவேலைக்கு அவர் அடையாளம் எதற்கு? "சரிதான்" என்று கீழே வைத்தார். கொஞ்சம் கழித்து, வேறு எங்கேயோ பார்த்தபடி, "விதிய மாத்தச் சொல்லிட்டேன். குடும்பத் தலைவர்னு இல்ல, வீட்ல இருக்கற யார் வந்தாலும் வெட்டித் தரலாம்" என்றார். இந்த மனுஷரை வைத்துக்கொண்டு நான் எப்படித்தான் கோபப்படுவது?

மார்ச் 19, வியாழன்

அவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். நான் செருப்பை மாட்டினேன். "எங்க..." என்று ஆரம்பித்து, "எங்க வச்ச உன் குடைய? மறக்காம எடுத்துக்கோ" என்று முடித்தார். குடை என் கையில்தான் இருந்தது.

திரும்பி வந்தபோது வாசலிலேயே கேட்டது. உள்ளே நாற்காலி நகரும் சத்தம். உடனே அத்தையின் குரல்: "உக்காருடா. அவளே தொறப்பா."

திறந்தேன். தாயும் பிள்ளையும் மும்முரமாக ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. "கொஞ்சம் இறுக்கமா இருக்கா?" என்றார். பூட்டைத்தான் கேட்டார். "சரியா இருக்குங்க" என்றேன்.

எங்கே போனேன் என்று இங்கேயும் எழுதப் போவதில்லை. சந்தோஷமாக இருந்தது.

மார்ச் 26, வியாழன்

மத்தியானம் போய்விட்டு நாலு மணிக்கு வந்தேன். என் சாவியால் திறந்தால் வீடு நிசப்தம். அத்தையைக் கூப்பிட்டேன், பதில் இல்லை. அறைக்குள் போய்த் தலையணையைத் தூக்கிப் பார்த்தேன். சாவி இல்லை.

அவர் கடையிலிருந்து போன் செய்தார். "அம்மா என்ன பண்றாங்க?"

"வெளியில போயிருக்காங்க."

"வெளியிலயா? எங்க?"

"தெரியாதுங்க."

"எப்ப வருவாங்க?"

"சாவி எடுத்துட்டுத்தான் போயிருக்காங்க" என்று சொல்லிவிட்டு, எனக்கு மட்டும் டீ போட்டுக் குடித்தேன்.