படியிலிருந்து நூறு அடி

அக்டோபர் 8, செவ்வாய்

காலையில் ஏரியைக் காணோம். மூடுபனி எங்கள் படகுத்துறையில் பாதியைத் தின்றுவிட்டிருந்தது. மீதிப் பாதி, எங்கேயோ போகத் தொடங்கிவிட்டு மறந்துபோன பாதை மாதிரி நின்றது. எதிர்க்கரையில் யாரோ நீந்தும் சத்தம். எதிர்வீட்டு மாரிட்தான். இந்தக் குளிரில் வேறு யார் இறங்குவார்கள்? இரண்டு வருடத்துக்கு முன்புவரை நானும் அவளோடு இறங்கிக்கொண்டிருந்தேன்.

வழக்கமாக இந்த வாரம் துறையைத் துண்டு துண்டாகக் கழற்றிக் கரையேற்றிவிடுவோம். விட்டுவைத்தால் ஏரி உறையும்போது பனிக்கட்டி பிய்த்தெறிந்துவிடும். தேர்தல் முடியட்டும் என்கிறான் என் கணவன் லைல். மாவட்டத்துக்கே கவுண்டி கமிஷனர் ஆகப்போகிறவனுக்குத் தோள் வலி வேறு.

அக்டோபர் 11

சாப்பாட்டு மேசையில் டிவி. யாரோ ஒரு செனட்டர் ஏதோ பொய் சொல்லி மாட்டிக்கொண்டிருக்கிறார். அவர்கள் கட்சி, எங்களுடையது அல்ல.

"இதையே நம்ம ஆள் செஞ்சிருந்தா இந்நேரம் ஊரைக் கூட்டியிருப்பாங்க" என்றான் லைல், உருளைக்கிழங்கைப் பிசைந்துகொண்டே.

எதிர்க்கரையில் மாரிட் வீட்டு ஜன்னலிலும் அதே நீல வெளிச்சம் ஆடிக்கொண்டிருந்தது. அவள் கணவன் வெண்டல் வேறொரு சானலில் வேறொரு செனட்டரைப் பார்த்து இதே வாக்கியத்தைச் சொல்லியிருப்பான். இரண்டு வாக்கியங்களும் ஏரிக்கு நடுவில் சந்தித்துக்கொள்ளுமோ என்னவோ. சந்தித்தால் அடையாளம் தெரியுமா?

அக்டோபர் 17

கணவன் வேட்பாளர் என்பதால் இந்த முறை நான் வாக்குச்சாவடி அதிகாரியாக உட்கார முடியாது. பன்னிரண்டு வருடப் பழக்கம். எனக்குப் பதிலாக உட்காரப்போகும் கொரீன் வந்து பெட்டி, சாவி, என் குறிப்பேடு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். கயிற்றையும். சரியாக நூறு அடி, முனையில் சிவப்புத் துணி கட்டியது. அந்த எல்லைக்குள் எந்தக் கட்சியின் பலகையும் இருக்கக் கூடாது.

கொரீன் குறிப்பேட்டைப் புரட்டினாள். "படியிலிருந்து அளந்ததுன்னு எழுதியிருக்கீங்க, ஆர்டிஸ். கையேட்டுல கதவுன்னுல்ல இருக்கு?"

"அன்னைக்கு மழை" என்றேன்.

அவள் தலையாட்டினாள். மழைக்கும் படிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அக்டோபர் 18

இரண்டு வருடத்துக்கு முந்திய தேர்தல் நாள். இதே பதவிக்கு அவர்கள் கட்சியில் வெண்டல் நின்றான். வாக்குச்சாவடியான டவுன் ஹால் வாசலில் அவன் பிக்கப் வண்டி, பின்னால் அவன் பெயர்ப் பலகை. நான் கயிற்றை இழுத்துப் பார்த்து, எல்லைக்குள் நிற்கிறது, எடு என்றேன். நனைந்துகொண்டே வந்து எடுத்தான். மதியத்துக்குள் 'வெண்டல் தேர்தல் விதியை மீறினானாம்' என்று ஊர் முழுக்கப் பேச்சு. அதைக் காபிக் கடையில் முதலில் சொன்னது லைல்.

வெண்டல் எங்கள் கட்சி ஆளிடம் ஒன்பது ஓட்டில் தோற்றான்.

அதற்கு முன் பதினாறு வருடம், அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, நாங்கள் நாலு பேரும் சேர்ந்துதான் இரண்டு வீட்டுத் துறைகளையும் தூக்குவோம். முதலில் அவர்களுடையது, பிறகு எங்களுடையது. அந்தத் தேர்தலுக்குப் பிறகு மாரிட் என்னைக் கடையில் பார்த்தால் வேறு வரிசைக்குள் திரும்பிவிடுகிறாள்.

அக்டோபர் 23

விடியற்காலையில் கனவு. ஏரியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நீந்துகிறேன். மறுமுனையில் மாரிட். நான் நெருங்க நெருங்கக் கயிறு நீண்டுகொண்டே போகிறது. தண்ணீர் மட்டும் வெதுவெதுப்பாக, அவ்வளவு சுகமாக இருந்தது. எழுந்திருக்க மனமில்லை.

எழுதிவிடுகிறேன். இங்கேகூட எழுதாவிட்டால் எங்கே எழுதப்போகிறேன்.

அந்தத் தேர்தல் அன்றைக்கு முதலில் கயிற்றைக் கதவில்தான் பிடித்தேன். கயிறு எட்டவில்லை. சிவப்புத் துணி வண்டிச் சக்கரத்துக்கு இரண்டு கை தூரம் முன்னாலேயே நின்றுவிட்டது. வெண்டல் சரியான இடத்தில்தான் நிறுத்தியிருந்தான். அப்புறம் நான் படியிறங்கி வந்தேன். ஏன் இறங்கினேன்? மழை என்று சொல்லிக்கொண்டேன் - கதவுக்கு மேலேதானே கூரை இருந்தது? படியில்தானே நனைஞ்சே, ஆர்டிஸ்? யாரை ஏமாத்தறே?

அக்டோபர் 26

லைலிடம் சொல்லிவிட்டேன். கராஜில் பலகைக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தான். சுத்தியலைப் பலகைமேல் வைத்தான்.

"இப்பவா? இன்னும் பத்து நாள்தான் இருக்கு."

"தெரியும்."

"அவங்கள்ல ஒருத்தி உன் எடத்துல இருந்தா வாயத் தொறப்பாளா?"

"தெரியல."

"தொறக்கமாட்டா. அப்ப நீ மட்டும் எதுக்கு?"

கீழே விழுந்த ஆணியைப் பொறுக்கி அவன் கையில் கொடுத்தேன்.

நவம்பர் 2

தூறல். ஏரியும் வானமும் ஒரே சாம்பல் நிறம். இன்று எதுவும் செய்யவில்லை.

நவம்பர் 5, செவ்வாய்

இன்றும் மழை. லைல் தன் பிக்கப்பை, தன் பெயர்ப் பலகையோடு, வெண்டல் நிறுத்திய அதே இடத்தில் நிறுத்தினான். வேண்டாம் என்றேன். "கதவுல இருந்து அளந்தா வெளியதான் இருக்கு. நீதானே சொன்னே?" என்றான். நான் சொன்னதில் அவனுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறான்.

பத்து மணிக்கு ஓட்டுப் போட வரிசையில் நின்றோம். கொரீன் என் குறிப்பேட்டைப் பார்த்துப் படியிலிருந்து கயிற்றை இழுத்தாள். சிவப்புத் துணி சக்கரத்தைத் தாண்டியது.

"வண்டிய எடுக்கணுமே" என்றாள்.

"கதவுல இருந்து அளக்கணும்மா. ஆர்டிஸ், நீயே சொல்லு" என்றான் லைல்.

வரிசை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. எனக்குப் பின்னால் ஆறாவது ஆளாக மாரிட். பக்கத்தில் வெண்டல்.

"கதவுதான் சரி. லைல் வண்டி நிக்கலாம்" என்றேன். லைல் சிரித்தான். நான் பேச்சை அதோடு முடித்திருக்கலாம். சொன்னதில் பொய் ஏதும் இல்லை. இருந்தாலும் கால் நகரவில்லை. "வெண்டல் வண்டியும் இதே எடத்துலதான் நின்னுச்சு. அன்னைக்கும் மொதல்ல கதவுலதான் பிடிச்சுப் பாத்தேன். எட்டல. அதனால படியில எறங்கி நின்னு அளந்தேன். தெரிஞ்சேதான் செஞ்சேன்."

மழைச் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது.

"ரெண்டு வருஷம், ஆர்டிஸ்" என்றான் வெண்டல். அவ்வளவுதான் சொன்னான். மாரிட் தன் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே போய் லைலுக்கு ஓட்டுப் போட்டேன்.

நவம்பர் 6

ஐந்து ஓட்டில் தோற்றான்.

நவம்பர் 10

துறையைத் தூக்க நேற்று வருவதாகச் சொல்லியிருந்த எங்கள் கட்சிக்காரர்கள் ஒருவரும் வரவில்லை. தொலைபேசியில் ஒருத்தி, "அவங்க இந்த மாதிரி எத்தனை பண்ணியிருப்பாங்க, ஒண்ணையாவது ஒத்துக்கிட்டிருக்காங்களா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

கடையில் அவர்கள் கட்சிக்காரர் ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்க கூட்டத்துல நேர்மையான ஆள் ஒருத்தராவது இருக்கீங்களே." அந்தக் கையை உதறிவிட்டு வரத்தான் தோன்றியது. அவருடைய கூட்டத்தில் யாரும் எந்தப் படியிலும் இறங்கியதே இல்லையாக்கும்.

லைல் மாடி அறையில் படுக்கிறான். காபி மட்டும் எனக்கும் சேர்த்துப் போட்டு வைக்கிறான்.

நவம்பர் 16, சனி

கரையோரம் கண்ணாடித் தாள் மாதிரி பனிக்கட்டி. மூடுபனி. ஜன்னலில் நின்று பார்த்தால் துறையின் நுனியில் ஓர் ஆள், மார்பு வரை ரப்பர் உடுப்போடு, தண்ணீருக்குள். இன்னும் கனவில்தான் இருக்கிறேனோ என்று நினைத்தேன். கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

மாரிட் திருகாணியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதே. ஐஸ் வந்துடுச்சு, அதான்."

"சரி."

"வெண்டல் வரல. அவனப் பத்திக் கேக்காதே."

"கேக்கல."

கொஞ்ச நேரம் திருகாணியோடு மல்லுக்கட்டினாள். "அன்னைக்கு உன் எடத்துல நான் நின்னு, அது லைல் வண்டியா இருந்திருந்தா…" என்றாள். "நானும் படிதான் எறங்கியிருப்பேன். அத நெனச்சாத்தான் உன்மேல இன்னும் கோவமா வருது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் ஒரு நுனியைத் தூக்கிக்கொண்டு, "பிடி" என்றாள்.

இரண்டு பேரால் அசைக்கவே முடியவில்லை. கதவுச் சத்தம் கேட்டது. லைல், ரப்பர் உடுப்பில், நல்ல தோளை முன்னால் கொடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் வந்தான். அவனும் மாரிட்டும் தலையை மட்டும் அசைத்துக்கொண்டார்கள். மூன்று துண்டுகளைக் கரையேற்றினோம்.

கடைசித் துண்டு வரவில்லை. அதுதான் கனம், நாலு பேர் வேண்டும். எவ்வளவோ இழுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டோம். பனி கொஞ்சம் விலகியபோது எதிர்க்கரையில் வெண்டல் நின்று இந்தப் பக்கம் பார்ப்பது தெரிந்தது. முகம் தெரியவில்லை. ரப்பர் உடுப்பு போட்டிருந்த மாதிரி இருந்தது.

"நாளைக்குப் பாக்கலாம்" என்றாள் மாரிட், அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே.