குதிரையும் நீலச் சட்டையும்

அன்புள்ள அத்தைக்கு உங்க மூத்த மருமகள் எழுதுறது. நான் நல்லா இருக்கேன். உங்க முட்டி வலி தேவலையா? இங்கே சலவைக் கூடத்துல இஸ்திரி போடுறப்ப கையில் லேசா சூடு பட்டுச்சு. ஆறிடுச்சு, பயப்படாதீங்க.

சின்னவர் போன் பண்ணினார். "அண்ணி, அண்ணன் தவறினதுல இருந்து அவரோட குதிரை யாரையும் அண்ட விடலை. கிட்டப் போனாலே கடிக்க வருது. காயடிச்சு அடக்கிட்டுத்தான் விக்கணும்"னார். உங்க பிள்ளையைக் குறை சொல்றேன்னு நினைக்காதீங்க, எனக்கு மனசு ஒப்பலை. வாங்கப் போறது யாருன்னு கேட்டேன். இருமினார். அப்புறம்தான் தன் மச்சான்னார். அந்த மச்சான்கிட்டயும் ஒரு ஆண் குதிரை இருக்கு. நம்மளதுக்குக் காயடிச்சுட்டா அவருக்கு விலையும் குறையும், பெட்டைக் குதிரை வச்சிருக்கிறவங்க எல்லாம் இணை சேர்க்க யார் வாசலுக்குப் போவாங்க, நீங்களே சொல்லுங்க.

அதனால ஒண்ணு செய்யுங்க அத்தை. பெட்டியில அவரோட நீலச் சட்டை துவைக்காம இருக்கு. அதைத் தோள்ல போட்டுக்கிட்டு லாயத்துக் கதவுக்கு வெளியே நில்லுங்க, உள்ளே போயிடாதீங்க. அப்பவும் அது பல்லைக் காட்டினா காயடிக்கட்டும், நான் வாயே திறக்கலை. மோந்து பார்த்துட்டு சும்மா நின்னா, அது அவரைத்தான் தேடுதுன்னு அர்த்தம்; காயடிச்சாத்தான் அடங்கும்னு சின்னவர் சொன்னது பொய். அப்புறம் கத்தியோட யாரையும் உள்ளே விடாதீங்க.

பார்த்துட்டு சட்டையைத் துவைச்சிடாதீங்க. இந்தப் பக்கம் யாராவது வந்தா குடுத்து விடுங்க. நாள் முழுக்க யார் யாரோ துணியைத் துவைக்கிறேன், அது ஒண்ணாவது அப்படியே இருக்கட்டும். அழுக்குத் துணி வண்டி வந்துடுச்சு அத்தை, நிறுத்திக்கிறேன்.