பாடு இருக்கு சார்

நவம்பர் 9

நண்டு உடைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. பூனை என்று நினைத்து, "சூ" என்றேன்.

"நான்தான்" என்றது பூனை.

என் வீட்டுக்காரர் தனசேகர். ராணுவச் சிப்பாய். ராஜஸ்தான் மணலில் காவல் நிற்க வேண்டியவர், பழவேற்காடு ஏரிக்கரைத் தோணிரேவில் என் வாசலில் தோளில் பையோடு நிற்கிறார்.

"லீவு குட்த்தாங்களா?"

"குட்த்த மாதிரிதான்."

"மாதிரின்னா?"

"கேட்டேன். சுபேதார் தோள்ல தட்டினாரு. சரி, ஒத்துக்கினாருன்னு கெளம்பிட்டேன்."

சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவருவது இது மூன்றாவது முறை. இன்னொரு தடவை ஓடினால் சீருடையைக் கழற்றி வீட்டுக்கே அனுப்பிவிடுவோம் என்று போன முறையே சொல்லியிருந்தார்கள். கோபத்தில் உடைத்த உடைப்பில் நண்டு ஓடு கையைக் குத்திவிட்டது. ஆனாலும் குழம்பில் இன்னும் இரண்டு நண்டு சேர்த்துப் போட்டேன். ஏன் போட்டேன்? எனக்கே தெரியவில்லை.

நவம்பர் 10

கோபம் தீரும்வரை இந்த நோட்டில் 'அவர்' கிடையாது. 'அவன்'தான்.

நவம்பர் 12

எதற்கு வந்திருக்கிறான் என்று ஊருக்கே தெரியும். 24ஆம் தேதி எங்கள் வீட்டுக்குப் பாடு. முகத்துவாரத்துப் பக்கம் இறால் நன்றாக ஓடும் இடத்தில் எல்லோரும் ஒரே நாளில் வலை கட்டினால் அடிதடிதான் மிஞ்சும். அதனால் சீட்டுப் போட்டு, இன்றைக்கு உனக்கு, நாளைக்கு அவனுக்கு என்று முறை வைத்துக்கொள்கிறோம். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர்.

பேர் உள்ளவன் நேரில் வந்து படகில் நிற்க வேண்டும். வராவிட்டால் அந்த முறை போச்சு. அடிக்கடி வராவிட்டால் பேரையே எடுத்துவிடுவார்கள். மாமாவுக்கு முட்டி போய்விட்டதால், எங்கள் கல்யாணத்தன்றே பேரை மகனுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார். மாற்றியதைத் திரும்ப வாங்க முடியாது. பட்டாளத்து ஆர்டர் வந்தது அதற்கு அடுத்த மாதம்.

ஆக, என் புருஷன் இரண்டு பட்டாளத்தில் பேர் கொடுத்த ஆள். இங்கே ஆஜரானால் அங்கே ஆப்சென்ட். அங்கே ஆஜரானால் இங்கே ஆப்சென்ட். ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்!

நவம்பர் 14

இன்று போலீஸ் வந்தது. ஒரே ஒரு கான்ஸ்டபிள்தான், அதுவும் சைக்கிளில், இரைக்க இரைக்க. பார்க்கப் பாவமாக இருந்தது.

"தனசேகர் வந்துக்கீறாரா?"

மாமா கண் இமைக்கவில்லை. "அவன் பார்டர்ல கீறான் சார். நாட்டக் காப்பாத்திக்கினு."

கூரைமேல் பட்டாளத்து பூட்ஸ் இரண்டும் பாலிஷ் போட்டுக் காய்ந்துகொண்டிருந்தன. அந்தச் சோம்பேறி ஒரு நாளும் தன் சட்டையை மடித்து வைத்ததில்லை, பூட்ஸை மட்டும் மறக்கமாட்டான். கான்ஸ்டபிள் கூரையைப் பார்த்தார். மாமாவும் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்து மூலையில் கிடந்த வலைக்குவியல் தும்மியது.

"வலைக்கு ஜலதோஷமா?" என்றார் கான்ஸ்டபிள்.

"மழக்காலம் இல்லியா சார்" என்றார் மாமா.

சிரிப்பை அடக்க முடியாமல் மோர் எடுக்கப் போவதுபோல உள்ளே போய்விட்டேன். மோரைக் குடித்துவிட்டு அவர் வலையைப் பார்த்தே பேசினார். "தானா போய் நின்னா தண்டனையோட போவும். நாங்க இட்டுக்கினு போனா வேலையே போயிடும். இந்த வாரம் எனக்கு வேற ஜோலி கீது. அடுத்த வாரம் வருவேன். அப்பவும் வல தும்மக்கூடாது."

அவர் போன பிறகு சிரிப்பு வரவில்லை. அடுத்த வாரம் என்றால் 24ஆம் தேதிப் பாட்டுக்கு முன்னால்.

நவம்பர் 15

சண்டை. பெரிய சண்டை.

வேலை போனால் போகட்டும் என்கிறான். போகட்டுமாம்! இன்னாத்துக்கு ஓடி ஓடிப் பயிற்சி எடுத்தே? அந்த உடுப்புல மொத தடவ இந்தத் தெருவுல நீ நடந்து வந்தப்போ ஊரே வாசல்ல நின்னுச்சே, நான் எப்படி நின்னேன்னு உனக்குத் தெரியுமா? நாளைக்கு அதே தெருவுல 'பட்டாளத்த உட்டு ஓடியாந்தவன் பொண்டாட்டி'ன்னு நான் நடக்கணுமா?

இதையெல்லாம் அவனிடம் கத்தினேன். அவன் வலையில் சிக்கு எடுத்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்து எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. கடைசியில், பல நாளாக அடக்கி வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"நீ பாட்டுக்கு வந்தியா, எனக்காவ வந்தியா?"

வலைக் கயிற்றை நெருடிக்கொண்டே சொன்னான்.

"பாடு இருக்குன்னு சொல்லியாவது லீவு கேக்கலாம். பொண்டாட்டி ஞாபகமா கீதுன்னு எவன்கிட்ட கேப்பேன்?"

நோட்டில் இன்னும் 'அவன்'தான். ஆனால் கொஞ்சம் அசைகிறது.

நவம்பர் 17

இன்று அந்த சுபேதாரே என் போனுக்கு அழைத்துவிட்டார். பெயர் ஆதிநாராயணன், வேலூர் பக்கத்துக்காரர். திட்டுவார் என்று நினைத்தேன். குரல் துக்க வீட்டுக்கு வந்தவர் குரல்போல இருந்தது.

"ஏம்மா, உங்க வீட்ல அப்படி என்னதாம்மா கஷ்டம்?"

"கஷ்டமா? ஒண்ணும் இல்லியே சார்."

"மறைக்காதம்மா. ஒவ்வொரு தடவையும் வந்து, 'வீட்ல பாடு இருக்கு சார்'னு நிக்கிறான். யார் வீட்லம்மா பாடு இல்ல? எனக்கும் ரெண்டு பொண்ணு. நானும் படாத பாடு பட்டவன்தான். அதனாலதான் தோள்ல தட்டி, 'எல்லாம் சரியாப் போயிடும்டா'ன்னு சொன்னேன். மறுநாள் ஆளக் காணோம்."

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"சார், பாடுன்னா கஷ்டம் இல்ல சார். முறை. மீன் புடிக்கிற முறை." ஏரி, சீட்டு, இறால் என்று எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன்.



"அப்போ அவன் கஷ்டத்துல இல்லையா?"

"நண்டு துன்னுக்கினு கீறான் சார்."

"அடப்பாவி! அவனை டாக்டர்கிட்ட அனுப்பினேனேம்மா! 'பாடு நெருங்கினா தூக்கம் வர மாட்டேங்குது'ன்னு அங்கயும் சொல்லியிருக்கான். மனசு சரியில்லைன்னு டாக்டர் தியானம் பண்ணச் சொல்லிட்டார்." கொஞ்சம் நிறுத்தினார். "இரு, இரு. முதல் தடவை ஓடினதுக்கு முந்தின வாரம், 'பாட்டுக்குப் போவணும் சார்'னான். கச்சேரி ஆசைன்னு நினைச்சு, எங்க விழாவுல மேடை ஏத்தி, பாடுடான்னு மைக்கைக் கையில குடுத்தோம்."

"பாடினாரா சார்?"

"ரெண்டு பாட்டு. நல்லாத்தாம்மா பாடினான்."

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவர் குரல் மாறியது. மேலதிகாரி பொறுமை இழந்துவிட்டார், 23ஆம் தேதிக்குள் தானாக வந்து நின்றால் சிறை அறையில் சில நாள் போட்டு விட்டுவிடுவோம், ஒரு நாள் தள்ளினாலும் என் கையில் இல்லை என்றார். அவர் கும்பிட்டுக் கேட்பதுபோல இருந்தது.

24ஆம் தேதி பாடு. 23ஆம் தேதிக்குள் ராஜஸ்தான். எந்தப் பட்டாளத்தை விடுவது?

நவம்பர் 18

"பாடு எப்ப வரும்னு முன்னாடியே தெரியுமில்ல? முன்னாடியே லீவு கேட்டா இன்னா?" என்று கேட்டேன்.

"வெளியாள்கிட்ட முன்னாடியே தேதி சொன்னா எறா ஓடிடும்" என்றான். கூடவே மாமாவும் தலையாட்டினார்.

நாட்டைக் காப்பாற்ற எப்படித்தான் இவனை எடுத்தார்களோ!

நவம்பர் 19

மாலையில் கோயில் முன்னால் ஊர்க்கூட்டம். நானே போய் நின்றேன். அவன் என் பின்னால் நின்றான், வலைக்குவியல் இல்லாமல் முதல் தடவையாக.

"அவருக்கு லீவு வோணும்" என்றேன்.

ஊர்த் தலைவர் வேதாசலம் காதைக் குடைந்துகொண்டார். "லீவா? அத்த மிலிட்டிரில போய்க் கேளு."

"மிலிட்டிரில இல்ல. உங்ககிட்ட. பாட்டுக்கு."

கூட்டம் சிரித்தது. "பாட்டுக்கு லீவுன்னு ஒண்ணு எந்தக் காலத்துலயும் கெடயாதேம்மா. வராதவன் வராதவன்தான்."

"துப்பாக்கி வெச்சிக்கினு கீற எடத்துலயே லீவு கீது. கும்புடற சாமி முன்னாடி ஒக்காந்துக்கினு கீறீங்க, உங்ககிட்ட இல்லியா? ஓடியாந்தவன்னு அவங்க ஒரு பேரு வெக்கறாங்க. வராதவன்னு நீங்க ஒரு பேரு வெக்கறீங்க. அந்தப் பேரு ரெண்டும் என் வூட்டுக்கு வாணாம். அவரு அங்க நிக்கட்டும். அவரு பேர்ல இங்க நான் நிக்கறேன்."

"பொம்பளையா? பாட்டுலயா?" என்று ஒரு குரல் எழும்பியது.

மாமா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "வல இழுக்கறதுல இவ என் புள்ளய வுட ஒசத்தி. அவன் மிலிட்டிரிக்குப் போனதே அதனாலதான்."

இந்தத் தடவை கூட்டம் சிரித்த சிரிப்பு வேறு. வேதாசலம் பக்கத்தில் இருந்தவர்களோடு ரொம்ப நேரம் குசுகுசுத்தார். கடைசியில், பட்டாளத்தில் இருப்பவனுக்கு மட்டும், வீட்டு ஆள் யாராவது நின்றால், லீவு உண்டு என்றார்.

பட்டாளத்தில் கிடைக்காத லீவை அவருக்கு ஊரிடம் வாங்கிக் கொடுத்துவிட்டேன். ஆமாம், 'அவர்' என்றுதான் எழுதியிருக்கிறேன்.

நவம்பர் 20

பொன்னேரி ஸ்டேஷன் வரை போய் ரயில் ஏற்றினேன். பூட்ஸ் பளபளத்தது. "போய்ச் சேந்ததும் போன் பண்ணு" என்றதற்கு, "உள்ள போட்டுட்டா போன் இருக்காது" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ரயில் போன பிறகு பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். மூன்று தடவை ஓடிவந்தபோதும் ஓர் ஓரத்தில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நானே ரயிலேற்றி அனுப்பிவிட்டேன்.

நவம்பர் 22

சுபேதாரிடமிருந்து ஒரே வரி: "வந்து நின்றுவிட்டான்."

நவம்பர் 24

தலைவர் "தனசேகர்" என்று கூப்பிட்டார். "ஆஜர்" என்றேன். இறால் சுமார்தான். என் உள்ளங்கை முழுக்கக் கயிறு அறுத்த கோடு. மாமாவுக்குக் கரையில் நின்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனது.

டிசம்பர் 15

அவர் போன் பண்ணினார். சிறை அறையிலிருந்து எப்போதோ வெளியே விட்டுவிட்டார்களாம், கையில் போன் கிடைத்தது இன்றுதானாம். முதல் கேள்வி, "எறா எவ்ளோ?" இரண்டாவது கேள்வி, "கை வலிக்குதா?" வரிசையை மாற்றிக் கேட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். அடுத்த பாடு பிப்ரவரியில் என்று சுபேதாரிடம் நானே சொல்லிவிட்டேன். இறால் ஓடினால் ஓடட்டும்.

பிப்ரவரி 21

வந்துவிட்டார்! முறையான லீவு. கையெழுத்துப் போட்ட காகிதத்தைத் தெருவில் எல்லோரிடமும் காட்டினார். பழவேற்காட்டுக்கே போய் அந்தக் கான்ஸ்டபிளிடமும் காட்டிவிட்டு வந்தார். "வலைக்கு இப்ப ஒடம்பு பரவால்லியா?" என்று அவர் விசாரித்தாராம்.

பிப்ரவரி 23

இன்று பாடு. விடியலில் எழுப்பினேன். "அஞ்சு நிமிஷம்" என்று போர்வையை இழுத்துக்கொண்டார். மறுபடி எழுப்பினேன். குறட்டை. இந்தப் பாட்டுக்காகத்தான் மூன்று தடவை பட்டாளத்தை விட்டு ஓடிவந்த மனிதர்!

தூங்கும்போது முகம் குழந்தை முகம்போல இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனேன்.

கரையில் தலைவர் இந்தத் தடவை, "ஜமுனா" என்று என் பேரைச் சொல்லியே கூப்பிட்டார். ஆஜர் சொல்லிப் படகில் ஏறினேன்.

"இன்னாம்மா, உன் ஆளு வந்துக்கீறான்னு சொன்னாங்களே, எங்க?" என்றார் தலைவர்.

"அவரு லீவுல கீறாரு" என்றேன்.