ஈஸ்டும் பல்ப்பரும்

அன்புள்ள அப்பாவுக்கு,

ஸ்வீடனிலிருந்து கவிப்பிரியா. முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

ஊறப்போட்ட காப்பிக்கொட்டை பதமாகப் புளித்துவிட்டதா என்று நாம் முகர்ந்து பார்ப்போமே, அந்தப் பழக்கத்தில் ஆய்வகத்தில் ஈஸ்ட் குடுவையைத் திறந்து முகர்ந்துவிட்டேன். கிருமி விழுந்து மாதக்கணக்கில் செய்த வேலை வீண். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

இன்று முதலிலிருந்து தொடங்குகிறேன். ஈஸ்டுக்குள் பல புரதங்களோடு கூடி வேலை செய்யும் புரதம், ஈஸ்ட் எத்தனை தலைமுறை பெருகினாலும் தன் அளவை லேசில் மாற்றிக்கொள்ளாது. அதைக் காட்டாமல் விடமாட்டேன். நம் தோட்டத்தில் தோலுரிக்கும் மெஷினுக்கு மேல் காப்பிப் பழம் குவிந்தால் "பறிச்சது போதுங்க, பல்ப்பர் தாங்காது" என்று ஆட்களை நிறுத்துவீர்களே, அது போலத்தான். ஒன்று மட்டும் கூடினால் மொத்த வேலையும் கெடும்.

கொஞ்சம் மிளகு அனுப்புங்கள். பல்ப்பர் ஓடும்போது எனக்குப் போன் போட்டு அதன் பக்கத்தில் வைத்துவிடுங்கள். சத்தம் கேட்டால் போதும், நீங்கள் பேச வேண்டாம். "கண்ணு" என்று கூப்பிட்டால் கிளம்பி வந்துவிடுவேன்.

அவசரத்தில்,
கவி